மேலே மூன்று நாள், கீழே ஒரு வருஷம்

ஏப்ரல் கடைசியில் பள்ளிக்கூடம் மூடியதும், வத்தலக்குண்டு தாண்டி மலையேறும் பேருந்துகளில் சிலவற்றின் முகப்பில் துணிப் பதாகை ஒன்று கட்டியிருக்கும். சபையின் பெயர், ‘வாலிபர் முகாம்’ என்ற இரண்டு சொற்கள், ஒரு வேதவசனத்தின் எண். சி.எஸ்.ஐ. சேகரம், கத்தோலிக்கப் பங்கு, பெந்தெகொஸ்தே சபை என்று பிரிந்து கிடப்பவர்கள் எல்லாரும் பிள்ளைகளைக் கூட்டிவருவதற்கு மட்டும் ஒரே மலையைத் தேர்ந்தெடுத்திருக்கிறார்கள். 2024 மே 7 முதல் கொடைக்கானல் வரும் வண்டிகளுக்கு இ-பாஸ் கட்டாயமானது. முகாம் நடத்துகிற அண்ணன்மார் அதையும் தங்கள் வேலைப் பட்டியலில் சேர்த்துக்கொண்டார்கள்.

பெரும்பாலும் மூன்று நாள். தள்ளாடிக்கொண்டிருக்கும் பதினைந்து வயதுப் பிள்ளை ஒன்றுக்கு அந்த மூன்று நாள் என்ன செய்கிறது, என்ன செய்யாமல் விடுகிறது என்பதே இங்கே கேள்வி. இதில் எனக்கு ஒரு கட்சி உண்டு, முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. கிறிஸ்தவ வாலிப ஊழியத்தின் நீண்ட வரலாற்றில் உருப்படியாக நின்ற வேலையெல்லாம், ஏதோ ஒரு பெரியவர் ஏதோ ஒரு பிள்ளையை வருஷக்கணக்கில் விடாமல் பார்த்துக்கொண்டதால் நின்றவை. மலை அதற்கு இடம் கொடுத்தது. சில நேரம், அந்த வேலையைச் செய்துவிட்டோம் என்ற பொய்த்திருப்தியையும் கொடுத்தது.

சபைப் பேச்சில் இந்தப் பிள்ளைகளுக்கு ஒரே பெயர்தான்: ‘பின்மாற்றத்தில் இருக்கிறான்.’ அப்பா குடித்துவிட்டு அடிப்பதால் ராத்திரி தூங்காதவனும், பிளஸ் ஒன்னில் மூன்று பாடம் போனவனும், முழுக்கைச் சட்டைக்குள் மணிக்கட்டை மறைத்துத் திரிகிறவளும், போனில் யாரோ அனுப்பச் சொன்ன படத்தை அனுப்பிவிட்டு நடுங்கிக்கொண்டிருப்பவளும், சாதி பார்த்துக் காதலைப் பிரித்ததில் சோற்றைத் தொடாதவனும் இந்த ஒரே பெயருக்குள் அடைபடுகிறார்கள். எல்லாருக்கும் மருந்தும் ஒன்றாகவே எழுதப்படுகிறது: முகாமுக்கு அனுப்பு, ஜெபம் பண்ணு.

இது சின்ன விஷயமாக இருந்தால் விட்டுவிடலாம். தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் 2022 கணக்குப்படி, அந்த ஓராண்டில் இந்தியாவில் 13,044 மாணவர்கள் தற்கொலை செய்துகொண்டார்கள். மகாராஷ்டிராவுக்கு அடுத்தபடி தமிழ்நாடு, 1,416 பேர். காவல்துறைப் பதிவுக்கு வராமல் போகிறவை எவ்வளவு என்பதை வேலூர் சி.எம்.சி.யின் ஆய்வு ஒன்று முன்பே காட்டியிருந்தது. கணியம்பாடி வட்டாரத்தில் வீடுவீடாகச் சாவுகளைக் கேட்டறிந்து 1992 முதல் 2001 வரை எடுத்த கணக்கு அது. 2004இல் லான்செட் இதழில் வந்தது. பத்து முதல் பத்தொன்பது வயதுக்குள், ஆண்டுக்கு லட்சத்துக்கு 148 பெண்பிள்ளைகளும் 58 ஆண்பிள்ளைகளும் தற்கொலையால் இறந்திருந்தார்கள். அந்த வயதுப் பெண்பிள்ளைகளின் சாவுகளில் பாதிக்கு மேல் தற்கொலை. ஒரு கிறிஸ்தவ மருத்துவமனை தன் சுற்றுவட்டார மக்களிடையே உட்கார்ந்து எடுத்த கணக்கு இது. நம் சபைகளின் வாலிபர் ஊழியப் பயிற்சிகளில் இதை யாரும் வாசித்துக் காட்டியதாக நான் கேள்விப்பட்டதில்லை.

மலைக்குப் போனால் சரியாகிவிடும் என்ற நம்பிக்கைக்கு இந்த ஊரில் வயது அதிகம். மதுரையில் வேலை செய்த அமெரிக்க மிஷனரிகள் காய்ச்சலிலும் காலராவிலும் வரிசையாகச் செத்துக்கொண்டிருந்தபோது, முதலில் சிறுமலையில் இடம் பார்த்தார்கள். அங்கேயும் மலேரியா விடவில்லை. 1845இல் பழனிமலையின் உச்சிக்கு வந்து இரண்டு பங்களா கட்டினார்கள். கொடைக்கானல் என்ற ஊர் அங்கிருந்து தொடங்குகிறது. ஏரி வந்ததே 1863இல்தான். கத்தோலிக்கர் சலேத் மாதா கோயிலை 1866இல் கட்டினார்கள். செண்பகனூரில் இயேசு சபையார் 1895இல் திரு இருதயக் கல்லூரியைத் தொடங்கினார்கள். கீழே உடம்பு கெட்டால் மேலே வந்து தேற்றிக்கொண்டு திரும்பிப் போவது மிஷனரிகளின் வழக்கமானது. உடம்போடு ஆத்துமாவையும் அதே கணக்கில் தேற்ற முடியும் என்று பின்னால் வந்தவர்கள் நினைத்ததில் ஆச்சரியமில்லை.

முதன்முதலாக இந்த மலையில் தவித்த வளரிளம் பிள்ளைகள் யார் என்று பார்த்தால் அவர்கள் வெள்ளைக்காரப் பிள்ளைகள். 1901இல் ஹைகிளர்க் என்ற பெயரில் மிஷனரிப் பிள்ளைகளுக்காக ஒரு விடுதிப் பள்ளி தொடங்கியது. இன்றைய கொடைக்கானல் இன்டர்நேஷனல் ஸ்கூல் அதுதான். முதல் தலைமை ஆசிரியை மார்கரெட் எடி. சமவெளியில் ஊழியம் செய்த பெற்றோர் ஆறேழு வயதுப் பிள்ளையை மேலே விட்டுவிட்டு இறங்கிவிடுவார்கள். கோடைக்கு மேலே வரும்போது பார்த்துக்கொள்வார்கள். மற்ற மாதங்களில் கடிதம்தான். ஊழியத்துக்காகச் சொந்தப் பிள்ளையைப் பிரிந்தவர்களின் பிள்ளைகள், எந்த நாட்டைத் தங்கள் நாடு என்று சொல்வது என்று தெரியாமல் வளர்ந்தார்கள். பிற்பாடு 1950களில் இந்தியாவில் வாழ்ந்த அமெரிக்கர்களை ஆராய வந்த ரூத் ஹில் யூசீம் என்ற சமூகவியலாளர், இப்படிப்பட்ட பிள்ளைகளை ‘மூன்றாம் பண்பாட்டுப் பிள்ளைகள்’ என்று வகைப்படுத்தினார். இன்று உலகம் முழுக்கப் புழங்கும் ஒரு கருத்து அது. பக்தியுள்ள வீட்டில் பிறந்தும், நல்ல பள்ளியில் படித்தும் பிள்ளை உள்ளுக்குள் உடையலாம் என்ற பாடத்தை இந்த மலை அப்போதே கற்றிருக்க வேண்டும்.

மார்கரெட் எடியின் மகன் ஷெர்வுட் எடி 1896இல் ஒய்.எம்.சி.ஏ. ஊழியராக இந்தியா வந்து தமிழ் கற்று, மாணவர்களிடையே பல ஆண்டு வேலை செய்தவர். அவருடைய நெருங்கிய நண்பர் வெள்ளாளன்விளையில் பிறந்த வேதநாயகம் சாமுவேல் அசரியா. இருபத்தொரு வயதில் ஒய்.எம்.சி.ஏ. செயலாளராகி, தென்னிந்தியக் கல்லூரிகளை எல்லாம் சுற்றியவர். 1912இல் தோர்ணக்கல் பேராயரானார். 1910இல் எடின்பரோவில் கூடிய உலக மிஷனரி மாநாட்டில், உங்கள் தியாகத்துக்கும் கொடைக்கும் நன்றி, எங்களுக்குக் குறைவது நட்பு என்ற பொருள்பட அவர் பேசியது மேடையில் இருந்தவர்களை நெளியவைத்தது. வெள்ளை மிஷனரிக்கும் இந்திய ஊழியருக்கும் உள்ள தூரத்தைப் பற்றி அவர் சொன்னது, மேடையில் நிற்கும் வாலிப ஊழியருக்கும் கடைசி பெஞ்சில் குனிந்து உட்கார்ந்திருக்கும் பையனுக்கும் உள்ள தூரத்துக்கும் அப்படியே பொருந்தும்.

ஒய்.எம்.சி.ஏ.வே ஒரு தனிமையிலிருந்து பிறந்ததுதான். லண்டன் துணிக்கடைகளில் வேலைக்கு வந்த கிராமத்து இளைஞர்கள் சாயங்காலம் போக இடமில்லாமல் அலைந்ததைப் பார்த்து ஜார்ஜ் வில்லியம்ஸ் 1844இல் தொடங்கினார். டான் போஸ்கோ டூரின் நகரச் சிறைகளில் பன்னிரண்டு பதிமூன்று வயதுப் பையன்களைப் பார்த்துவிட்டு, வெளியே இவர்களுக்கு ஒரு ஆள் இருந்திருந்தால் உள்ளே வந்திருக்க மாட்டார்களே என்று யோசித்ததில் அவருடைய தடுப்புக் கல்விமுறை உருவானது. அவர் வழிவந்த சலேசியர்கள் 1906இல் தஞ்சாவூருக்கு வந்தார்கள். 1924இல் இயேசு சபையின் கார்ட்டி அடிகள் தொடங்கிய ஐக்கஃப், கல்லூரி மாணவர்களிடையே வேலை செய்தது. பெல்ஜியத்துக் கார்டைன் அடிகளின் வழிமுறையை எடுத்துக்கொண்ட இளம் கிறிஸ்தவ மாணவர் இயக்கம் பள்ளிகளில் இறங்கியது. சுற்றியிருப்பதைப் பார், யோசித்து முடிவெடு, பிறகு செய் என்பது அதன் வரிசை. சீர்திருத்தச் சபைகள் பக்கம் ஸ்கிரிப்சர் யூனியன், விடுமுறை வேதாகமப் பள்ளி, 1954இல் உருவான இந்திய நற்செய்தி மாணவர் ஐக்கியம். ஒவ்வொன்றுக்கும் தனி வரலாறு உண்டு. இங்கே விரிக்க இடமில்லை. ஒன்றை மட்டும் கவனிக்கலாம்: தொடக்கத்தில் இவற்றில் பெரும்பாலானவை வாரா வாரம் பிள்ளைகளைச் சந்தித்த வேலைகள். முகாம் அவற்றுக்கு ஆண்டுக்கொருமுறை வந்த திருவிழா. இன்று பல சபைகளில் திருவிழா மட்டும் மிஞ்சியிருக்கிறது.

முகாமைக் கிட்டப் போய்ப் பார்க்கலாம். வெள்ளிக்கிழமை மத்தியானம் வந்திறங்கியதும் போன்களை ஒரு துணிப்பையில் வாங்கிக்கொள்வார்கள். எட்டுப் பேருக்கு ஓர் அறை, இரவல் ஸ்வெட்டர், வெந்நீருக்கு வரிசை. காலை ஆறு மணிக்குத் தனித்தியானம். பனியில் பெஞ்சு ஈரமாக இருப்பதால் பாதிப்பேர் நின்றுகொண்டே வேதாகமத்தைத் திறந்து வைத்திருப்பார்கள். பிறகு பாட்டு, கிதார், கீபோர்டு, செய்தி, குழுப் பேச்சு. சனிக்கிழமை சாயங்காலம் ஏரிக்கரை. கடைசி ராத்திரிதான் முகாமின் உச்சம். தீ மூட்டுவார்கள். அவரவர் பாவத்தை, பாரத்தை ஒரு தாளில் எழுதி மடித்துத் தீயில் போடச் சொல்வார்கள். கீபோர்டு ஒரே சுரத்தை இழுத்துக்கொண்டிருக்கும். ஒரு பிள்ளை விசும்பத் தொடங்கினால் அது வரிசை முழுக்கப் பரவும். முன்னால் வந்து முழங்காலில் நிற்பவர்களின் தலையில் அண்ணன்கள் கைவைத்து ஜெபிப்பார்கள். ஞாயிற்றுக்கிழமை இறங்கும்போது வெள்ளி நீர்வீழ்ச்சியில் ஒரு நிறுத்தம், வளைவுகளில் நாலைந்து பேருக்கு வாந்தி, வத்தலக்குண்டில் டீ.

இதைக் கேலி செய்வது எளிது, நான் செய்யப்போவதில்லை. அந்தத் தாளில் எழுதப்படுபவை சில நேரம் அந்தப் பிள்ளை வாழ்நாளில் முதன்முறையாக வெளியே எடுத்தவை. அடிக்காத, திட்டாத, மார்க் கேட்காத பெரியவர்களின் நடுவே மூன்று நாள் இருப்பது நம் பிள்ளைகள் பலருக்குக் கிடைக்காத அனுபவம். ‘என்னடா ஆச்சு, சொல்லு’ என்று தோளில் கைபோடும் கல்லூரிக்கார அண்ணனைப் போல ஒருவரை எந்தப் பள்ளிக்கூடமும் இன்னும் கொடுத்துவிடவில்லை. போன் இல்லாமல் இரண்டு ராத்திரி தூங்குவதே பாதி வைத்தியம் என்று சொல்கிற பெற்றோரும் உண்டு.

சிக்கல் திங்கட்கிழமை காலையில் தொடங்குகிறது. குடிக்கிற அப்பா அங்கேயே இருக்கிறார். போன பாடமும் அங்கேயேதான். போன் கைக்கு வந்துவிட்டது. படத்தை வைத்துக்கொண்டு மிரட்டுகிறவனின் செய்திகள் மூன்று நாளுக்குச் சேர்ந்து கிடக்கின்றன. தோளில் கைபோட்ட அண்ணன் கோயம்புத்தூரில் கல்லூரி விடுதிக்குப் போய்விட்டார். முகாமில் மனம் லேசாகிப்போன பிள்ளைக்கு, ஒரு வாரத்தில் பழைய பாரம் திரும்பும்போது புதிதாக ஒரு குற்ற உணர்வும் சேர்ந்துகொள்கிறது: ‘ஒப்புக்கொடுத்தேனே, மறுபடி இப்படியாகிவிட்டேனே, எனக்கு விசுவாசம் போதவில்லை.’ மனச்சோர்வு நோயாக இருக்கும் பிள்ளையிடம் இது போய்ச் சேரும் விதம் ஆபத்தானது. முகாமின் கடைசி ராத்திரி எவ்வளவு உயரமோ, அடுத்த வாரத்துப் பள்ளம் அவ்வளவு ஆழம்.

என்ன உதவும் என்பதற்கு நெடிய ஆய்வொன்று சாட்சி சொல்கிறது. ஹவாயின் கவாய் தீவில் 1955இல் பிறந்த 698 குழந்தைகளை எம்மி வெர்னரும் ரூத் ஸ்மித்தும் பல பத்தாண்டுகள் பின்தொடர்ந்தார்கள். வறுமை, பெற்றோர் குடி, மனநோய் என்று எல்லா இடரும் ஒன்றாகச் சூழ்ந்த பிள்ளைகளில் மூன்றில் ஒரு பங்கு, நிதானமான, அன்பான பெரியவர்களாக வளர்ந்து நின்றார்கள். அவர்களுக்குப் பொதுவாக இருந்தவற்றில் முக்கியமானது, தங்களை அப்படியே ஏற்றுக்கொண்ட ஒரு பெரியவரோடு நிலைத்த உறவு. பெற்றோராகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. பாட்டி, ஆசிரியர், பக்கத்து வீட்டுக்காரர், சபையின் இளையோர் தலைவர், ஒய்.எம்.சி.ஏ.க்காரர் என்று பல முகங்கள் அந்தப் பட்டியலில் வருகின்றன. வாலிப ஊழியத்துக்கு இதைவிடப் பெரிய நற்சான்று தேவையில்லை. ஆனால் நற்சான்று ஆளுக்கு, நிகழ்ச்சிக்கு அல்ல.

இன்னொரு சாட்சி, சாட் வாரா என்ற ஆங்கிலிக்கன் குருவானவர். 1935இல் லிங்கன் நகரில் இளம் குருவாக அவர் நடத்திய முதல் அடக்கங்களில் ஒன்று பதினாலு வயதுப் பெண்பிள்ளையுடையது. பூப்பெய்தியதைத் தீராத நோய் வந்துவிட்டதென்று எண்ணி உயிரை விட்டிருந்தாள், கேட்க ஆளில்லை. பதினெட்டு ஆண்டு கழித்து, 1953 நவம்பரில், லண்டனில் அவர் தொடங்கிய தொலைபேசிச் சேவைதான் சமாரிட்டன்ஸ். ஆலோசனை சொல்ல அவர் உள்ளே உட்கார்ந்திருக்க, காத்திருந்தவர்களுக்குத் தேநீர் கொடுத்துப் பேச்சுக் கொடுத்த தன்னார்வலர்களிடமே பலர் மனம் ஆறிப் போய்விட்டார்கள் என்பதை அவர் சீக்கிரம் கண்டுகொண்டார். பொறுப்பை அவர்களிடமே கொடுத்தார். கூப்பிடுகிறவரிடம் மதம் பேசக்கூடாது என்று விதியும் வைத்தார், குருவானவராக இருந்துகொண்டே. அந்த வழியில்தான் 1986இல் சென்னையில் டாக்டர் லட்சுமி விஜயகுமார் சிநேகா என்ற அமைப்பைத் தொடங்கினார். தேர்வில் தோற்றவர்கள் ஒரு வருஷம் காத்திராமல் உடனே எழுதும் துணைத்தேர்வு தமிழ்நாட்டில் வந்ததற்கு அவருடைய விடாத வற்புறுத்தலும் ஒரு காரணம். ஒரு அரசாணை எத்தனை பிள்ளைகளைக் காப்பாற்ற முடியும் என்பதற்கு அது எடுத்துக்காட்டு. சபைகள் இந்த வகை வேலையை ‘உலகக் காரியம்’ என்று ஒதுக்குவது எனக்குப் புரிவதில்லை.

வாலிப ஊழியத்தில் யாரும் பேச விரும்பாத ஒரு பழக்கத்தை இங்கே சொல்லியாக வேண்டும். ஜெபக்குறிப்பு. ஒரு பெண்பிள்ளை அக்காவிடம் அழுதுகொண்டே ஒன்றைச் சொல்கிறாள். அக்கா பாரத்தோடு பாஸ்டரம்மாவிடம் சொல்கிறார். அடுத்த வெள்ளி உபவாச ஜெபத்தில், ‘நம் சபையில் ஒரு வாலிபப் பிள்ளை, பெயர் வேண்டாம், தவறான உறவில் இருக்கிறாள், ஜெபித்துக்கொள்ளுங்கள்’ என்று வருகிறது. பெயர் வேண்டாம் என்றால் ஊருக்குத் தெரியாதா? ஞாயிற்றுக்கிழமை ஆராதனைக்கு அந்தப் பிள்ளை வரும்போது பெஞ்சுகள் திரும்பிப் பார்க்கின்றன. அதற்குப் பிறகு அவள் எந்தப் பெரியவரிடமும் வாய் திறக்கமாட்டாள். யாருக்கும் கெட்ட எண்ணமில்லை. அதனால்தான் திருத்துவது கடினம். கத்தோலிக்கரிடம் பாவசங்கீர்த்தனத்தின் இரகசியத்துக்குக் கடுமையான சட்டம் உண்டு. முகாமில் சிஸ்டரிடம் மரத்தடியில் சொன்னதற்கு அந்தக் காவல் இல்லை.

இரகசியத்துக்கும் எல்லை உண்டு என்பதும் அதே அளவு முக்கியம். பிள்ளை சொல்வது பாலியல் கொடுமையைப் பற்றியதென்றால், 2012ஆம் ஆண்டின் போக்சோ சட்டப்படி காவல்துறைக்கோ சிறார் காவல் பிரிவுக்கோ தெரிவிப்பது கேட்டவரின் கடமை, மறைப்பது குற்றம். ‘சபையின் பெயர் கெடும், நமக்குள்ளே ஒப்புரவாகிக்கொள்வோம்’ என்ற சமாதானம் சட்டத்திலும் நிற்காது, வேதத்திலும் நிற்காது. முகாமுக்கு ஆண்பிள்ளைகளையும் பெண்பிள்ளைகளையும் கூட்டிவரும் எத்தனை குழுக்களிடம், யார் யாரோடு தனியாக இருக்கலாம், ராத்திரி அறைக்கதவு யார் பொறுப்பு, புகார் யாரிடம் என்று எழுதிவைத்த ஒரு தாள் இருக்கிறது? பாட்டுப் புத்தகம் அச்சடிக்கிற செலவில் நூறில் ஒரு பங்கு ஆகாது அதற்கு.

மருத்துவரிடம் அனுப்புவதை விசுவாசக் குறைவாக நினைப்பது இன்னொரு வழக்கம். குரல்கள் கேட்கிறது என்று ஒரு பையன் சொன்னால், தீர்க்கதரிசன வரமா அசுத்த ஆவியா என்று இரண்டே பிரிவில் பார்க்கிற முகாம்கள் இருக்கின்றன. 1957இலேயே வேலூர் சி.எம்.சி. மனநல மையத்தை ஆரம்பித்து, நோயாளியோடு குடும்பமும் வந்து தங்கிக் கற்றுக்கொள்ளும் முறையைக் கொண்டுவந்தது. இந்தியாவின் பல மருத்துவமனைகளுக்கு அது முன்மாதிரியானது. வேலூரிலேயே கிறிஸ்தவ ஆற்றுப்படுத்தல் மையம் பல பத்தாண்டுகளாகப் போதகர்களுக்கும் ஊழியர்களுக்கும் பயிற்சி கொடுத்து வருகிறது. ஆக, பேய்க்கும் நோய்க்கும் வித்தியாசம் தெரியாமல் போனதற்குத் திருச்சபை சாக்குச் சொல்ல முடியாது; பதில் அதன் கைக்குள்ளேயே இருக்கிறது. கொடைக்கானலிலிருந்து திண்டுக்கல் அரசு மருத்துவக் கல்லூரிக்கு மூன்று மணி நேரப் பயணம். அவ்வளவு தூரம் பிள்ளையோடு பேருந்தில் கூடப் போகிற அண்ணனின் ஊழியம், மேடையில் பேசியவரின் ஊழியத்துக்குக் குறைந்ததா?

மதமாற்றக் கேள்வியைத் தவிர்த்துவிட்டு இந்தக் கட்டுரையை முடிக்க முடியாது. விடுதிகளுக்கும் முகாம்களுக்கும் இந்துப் பிள்ளைகளும் பழங்குடிப் பிள்ளைகளும் வருகிறார்கள். உடைந்த மனநிலையில் இருக்கும் பதினாலு வயதுப் பிள்ளையிடம், அழுகையின் நடுவே, முடிவெடுக்கச் சொல்வது நியாயமில்லை. கிறிஸ்தவ வீட்டுப் பிள்ளையிடமும்தான். பெற்றோருக்குத் தெரியாமல் எதுவும் இல்லை என்ற ஒழுங்கும், உதவிக்கு எந்த நிபந்தனையும் இல்லை என்ற தெளிவும் இருக்கும் இடத்தில் சந்தேகம் தானே குறையும். இலங்கையில் 1976 முதல் 2011 வரை யூத் ஃபார் கிரைஸ்ட் இயக்கத்தை நடத்திய அஜித் ஃபெர்னாண்டோ, நற்செய்தி சொல்வதை ஒருபோதும் மறைத்தவரல்லர். ஆனாலும் போர் நடந்த நாட்டில், சிங்களம், தமிழ், ஆங்கிலம் என்று மூன்று மொழிப் பிள்ளைகளோடும், ஏழைகளோடும், போதையில் விழுந்தவர்களோடும் முப்பத்தைந்து ஆண்டு ஒரே வேலையில் இருந்தார். வெளிநாட்டு அழைப்புகளுக்குக் குறைவில்லாதவர். அவர் திரும்பத் திரும்ப எழுதியதும் ஓர் ஆளோடு நீண்ட நாள் நிற்பதன் சலிப்பையும் அவசியத்தையும் பற்றித்தான்.

இதுவரை சொன்னதெல்லாம் மலைக்கு வருகிற பிள்ளைகளைப் பற்றி. மலையின் பிள்ளைகள்?

முகாம் சமையற்கட்டில் வெங்காயம் உரிப்பவரின் மகன் பின்வாசலில் பாத்திரம் கழுவிக்கொண்டிருப்பான். முன்னால் பாட்டுச் சத்தம் கேட்கும். சீசனில் ஏரிச்சாலையில் குதிரைக் கயிற்றைப் பிடித்து ஓடுபவர்களிலும், சோளம் வாட்டுபவர்களிலும், விடுதி முன்னால் நின்று ‘ரூம் வேணுமா சார்’ என்று வண்டியோடு ஓடுபவர்களிலும் பத்தாம் வகுப்பைத் தாண்டாத பையன்கள் பலர். சீசனில் கையில் காசு புரளும். மழைக்காலத்தில் ஒன்றும் இருக்காது. போதைக் காளான் தேடி வரும் வெளியூர்க்காரர்களுக்கு அது எந்தப் புல்வெளியில் முளைக்கிறது என்று காட்டிக்கொடுப்பது, படித்து வேலை தேடுவதைவிட வேகமாகப் பணம் தருகிறது. மாட்டுவதும் இவர்கள்தான். 2020 பிப்ரவரியில் மேல்மலைப் பக்கம் குண்டுப்பட்டி அருகே ராத்திரி விருந்தொன்றில் 200க்கும் மேற்பட்ட இளைஞர்களைக் காவல்துறை சுற்றிவளைத்தபோது, கொடைக்கானல் எப்படிப்பட்ட சந்தையாகிவிட்டது என்று செய்தித்தாள்கள் எழுதின. அந்தச் சந்தையின் ஓரத்தில் வளர்கிற உள்ளூர்ப் பிள்ளைகளைப் பற்றி எழுத வந்தவர்கள் குறைவு.

பூம்பாறை, மன்னவனூர், கவுஞ்சி என்று மேல்மலையில் பூண்டும் கேரட்டும் விளையும் கிராமங்கள் இருக்கின்றன. பண்ணைக்காடு, தாண்டிக்குடி என்று கீழ்மலையில் காப்பியும் வாழையும். பளியர், புலையர் குடியிருப்புகளில் பெண்பிள்ளைகளுக்குப் பதினெட்டுக்கு முன்பே கல்யாணம் பேசி முடிப்பது இன்னும் நின்றபாடில்லை. 1964 இந்திய–இலங்கை ஒப்பந்தத்துக்குப் பின் இலங்கை மலையகத்திலிருந்து வந்து வாட்டில் மரம் வெட்டப் போன குடும்பங்களின் பேரப்பிள்ளைகள் இருக்கிறார்கள். 2001இல் மூடப்பட்ட தெர்மாமீட்டர் தொழிற்சாலையில் பாதரசத்தோடு வேலை செய்தவர்களின் பிள்ளைகள், நோயாளி அப்பாவைப் பார்த்துக்கொண்டே வளர்ந்து பெரியவர்களாகிவிட்டார்கள். அந்தத் தொழிலாளர்களில் 591 பேருக்கு நிறுவனம் உடன்படிக்கைக்கு வந்ததே 2016இல்தான். இவர்களுக்கான வாலிப ஊழியம் நாயுடுபுரத்திலும் ஆனந்தகிரியிலும் மூஞ்சிக்கல்லிலும் உள்ள சின்னச் சின்ன ஆலயங்களின் ஞாயிறு பள்ளி ஆசிரியர்களிடம்தான் இருக்கிறது. அவர்களில் பாதிப்பேர் சீசனில் விடுதி வேலைக்குப் போகிறவர்கள்.

மலையடிவாரத்தில் இதற்கு ஒரு மறுமொழி முன்பே நடந்திருக்கிறது. ஒட்டன்சத்திரத்தில் 1955இல் டாக்டர் ஏ.கே. தரியன், டாக்டர் ஜேக்கப் செரியன் முதலிய இளம் மருத்துவர்கள் கிறிஸ்தவ ஐக்கிய மருத்துவமனையைத் தொடங்கினார்கள். அவர்களுக்குத் துணை நின்றவர் ரால்ஃப் ரிச்சர்ட் கெய்தான். காந்தியின் பக்கம் சாய்ந்ததற்காக வெள்ளை அரசு நாட்டைவிட்டு அனுப்பிய அமெரிக்க மிஷனரி. எந்தப் பெரிய ஊருக்கும் போயிருக்கக்கூடிய இளைஞர்கள், வறண்ட ஒரு சந்தை ஊரில் குடியேறி, அங்கேயே முதுமையடைந்தார்கள். இவர்களும் ஒரு காலத்தில் வாலிபர் ஐக்கியங்களில் பாடி, ஜெபித்து, ஒப்புக்கொடுத்தவர்கள்தான். ஒப்புக்கொடுத்த பிறகு குடியேறினார்கள் என்பதே வித்தியாசம்.

கணக்குப் போட்டுப் பார்க்கலாம். அறுபது பிள்ளைகளை மூன்று நாள் மலைக்குக் கூட்டிவர ஒரு சபைக்குப் பேருந்து, தங்கல், சாப்பாடு, பேச்சாளர் காணிக்கை எல்லாம் சேர்த்து ஆகும் தொகையில், உள்ளூர்க்காரர் ஒருவருக்குச் சில மாதச் சம்பளம் கொடுக்கலாம். நாலைந்து சபைகள் சேர்ந்தால் வருஷம் முழுக்க ஒரு ஆள். மேல்மலையில் பிறந்து, டிகிரி முடித்து, வேலைக்கு மதுரைக்குப் போகவிருக்கும் பெண்ணொருத்தியை, ஆற்றுப்படுத்தல் பயிற்சிக்கு அனுப்பி ஊரிலேயே வைத்துக்கொள்ள முடியும். அவள் செய்ய வேண்டியது பெரிதாக ஒன்றுமில்லை. வாரம் ஒரு மாலை பிள்ளைகளோடு உட்கார வேண்டும், வராத பிள்ளையின் வீட்டுக்குப் போய்க் கேட்க வேண்டும், அரசின் ‘நட்புடன் உங்களோடு’ மனநல எண் 14416-ம் சிறார் உதவி எண் 1098-ம் எந்தப் பிள்ளைக்கு எப்போது வேண்டுமென்று தெரிந்திருக்க வேண்டும், பேருந்தில் திண்டுக்கல் வரை கூடப் போக வேண்டும். முகாமை நிறுத்தச் சொல்லவில்லை. முகாமுக்கு அனுப்பும் ஒவ்வொரு பிள்ளைக்கும், இறங்கிய பிறகு யார் என்ற ஒரு பெயர் முன்கூட்டியே இருக்கட்டும். பெயர் கிடைக்காத பிள்ளைகளுக்கு முகாமைவிடப் பெயரைத் தேடிக் கொடுப்பதே அந்த ஆண்டின் வேலையாக இருக்கட்டும்.

இதில் உடனே செய்யக்கூடியது ஒன்று இருக்கிறது. பிளஸ் டூ முடிவுகள் 2023இல் மே 8, 2024இல் மே 6, 2025இல் மே 8 அன்று வந்தன. பத்தாம் வகுப்பு முடிவுகளும் அதே மாதத்தில்தான். மலையில் சீசன் உச்சம், முகாம் இடமெல்லாம் நிரம்பியிருக்கும் வாரம் அதுதான். கீழிருந்து வந்த பிள்ளைகள் அண்ணன்களின் நடுவே முடிவைக் கேட்கிறார்கள். பின்வாசலில் இருக்கும் பிள்ளை போன் திரையில் தனியாகப் பார்க்கிறான். அந்த வாரத்தில் மட்டுமாவது முகாம் நடத்த வந்தவர்களில் இரண்டு பேர் மேடையை விட்டுவிட்டு, உள்ளூர் ஆலயத்தில் ஒரு மேசை போட்டு உட்காரலாம். துணைத்தேர்வு விண்ணப்பத்தை நிரப்பிக்கொடுக்கவும், ஃபெயிலானவன் வீட்டுக்குச் சாயங்காலம் ஒருமுறை போய் அவன் அப்பாவிடம் பேசிவிட்டு வரவும் இரண்டு பேர் போதும்.